கொக்கு வரும் குளம்

ஈரோட்டில் பெருந்துறை சாலையில் ஒரு டயர் கடை உண்டு. அந்தக் கடையின் மாடியில் மெஹருன்னிசா வீடியோ கேம் சொல்லிக்கொடுத்தாள். இதற்கெல்லாம்கூட ஒரு பள்ளிக்கூடமா என்று ஊரில் சிரித்தவர்கள் இருந்தார்கள். அவளிடம் கற்க வந்தவர்கள் சிரிக்கவில்லை. தவளைக்குளம் என்ற ஆட்டத்தில் பல வருடங்களாக அவளை யாரும் ஜெயித்தது கிடையாது. இருபத்தேழு வயதில், தோற்காமலேயே, போட்டிக்குப் போவதை நிறுத்திக்கொண்டாள். ஏன் என்று கேட்டால், "ஆசை தீர்ந்துடுச்சு" என்பாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது.

அவளுடைய மாணவர்களில் மூத்தவர் சென்னியப்பன். நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். பவானி சாலையில் டைல்ஸ் கடை வைத்திருந்தார். அவர் அவளை டீச்சர் என்று கூப்பிட்டார். அவள் அவரை அண்ணா என்று கூப்பிட்டாள். ஆரம்பத்தில் இருவருக்கும் அது கூச்சமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது.

தவளைக்குளம் குழந்தைகள் சிரிக்கட்டும் என்று செய்த விளையாட்டு. ஒரு குளம். அதில் தாமரை இலைகள். ஆளுக்கொரு தவளை. இலைக்கு இலை தாவ வேண்டும். சில இலைகள் மூழ்கும். பக்கத்துத் தவளையை இடித்துத் தண்ணீரில் தள்ளலாம். கடைசிவரை நிற்கிற தவளை ஜெயிக்கும்.

இவ்வளவுதான் என்றால் அது வெறும் கைத்திறன். அந்தக் குளத்துக்கு ஒரு கொக்கும் வரும். எப்போது வரும் என்று சொல்ல முடியாது. ஏதாவது ஒரு தவளையைக் கொத்தி எடுத்துக்கொண்டு போய்த் தண்ணீரில் போட்டுவிடும். நன்றாக ஆடுகிறவன், ஆடத் தெரியாதவன் என்று பார்க்காது.

அதனால் போட்டி ஆடுகிறவர்கள் கொக்கை அணைத்துவிடுவார்கள். செட்டிங்ஸில் அதற்கு ஒரு பொத்தான் இருந்தது. கொக்கு இல்லாத குளத்தில்தான் யார் பெரியவன் என்று தெரியும் என்பது அவர்கள் கட்சி.

அந்த வருடம் கோயமுத்தூரில் நடந்த போட்டியில், பார்க்க வருகிறவர்களுக்குப் பிடிக்கும் என்று கொக்கை விட்டுவைத்தார்கள். சென்னியப்பன் அரையிறுதிவரை போனார். அவருடைய தவளையும் எதிராளியின் தவளையும் மட்டும் மிச்சம். எதிராளி மூழ்குகிற இலையில் நின்றான். இன்னும் ஒரு மூச்சுதான். கொக்கு வந்தது. சென்னியப்பனின் தவளையைத் தூக்கிக்கொண்டு போனது.

கூட்டம் கைதட்டிச் சிரித்தது.

மறுநாள் காலை கடையைக்கூடத் திறக்காமல் அவர் மாடிக்கு வந்தார். மெஹருன்னிசா ஜன்னல் ஓரம் உட்கார்ந்து ஒரு பழைய கன்ட்ரோலரைப் பிரித்துத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நேத்து ஆட்டம் பார்த்தீங்களா டீச்சர்?"

"பார்த்தேன்."

"நான் எங்க தப்புப் பண்ணுனேன்?"

"எங்கயும் இல்லீங்ணா."

"ஒண்ணுகூடவா?"

"ஒண்ணுகூட இல்ல. நல்லா ஆடுனீங்க."

அது அவருக்கு ஆறுதலாக இல்லை. தப்பு என்று ஒன்று இருந்தால் திருத்திக்கொள்ளலாம். வழியெல்லாம் பஸ்ஸில் உட்கார்ந்து அதைத்தான் தேடிக்கொண்டு வந்தார்.

"அப்புறம் ஏன் தோத்தேன்?"

"கொக்கு வந்துச்சு."

"அதைத்தாங்க கேக்க வந்தேன். கொக்கை எப்படி ஜெயிக்கறது?"

அவள் கன்ட்ரோலரைக் கீழே வைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டாள்.

"இந்த ஆட்டத்தை மொதல்ல யார்கூட ஆடுனீங்க?"

"வீட்லங்க. என் சம்சாரம்கூட. சுகந்தி."

"இப்ப?"

"இப்ப அவ ஆடறதில்லீங்க. தோத்துட்டே இருந்தா யாருக்குத்தான் ஆசை இருக்கும்?"

"கொக்கு வந்தா அவங்க என்ன பண்ணுவாங்க?"

சென்னியப்பன் யோசித்தார்.

"சிரிப்பா."

"எதுக்கு?"

"எதுக்குன்னா... சிரிப்பா, அவ்வளவுதாங்க."

"கேட்டுட்டு வாங்க. அப்புறம் கொக்கைப் பத்திப் பேசலாம்."

படியில் இறங்கும்போது அவருக்குக் கோபமாக வந்தது. கேட்டதற்குப் பதில் இல்லை. ஆனாலும் அவள் சொன்னதை அவர் தட்டியதில்லை.

சுகந்தியின் சிரிப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். கல்யாணமாகிச் சில வருடங்கள் கழித்து இருவரும் குழந்தைக்காக வைத்தியம் பார்க்கத் தொடங்கினார்கள். ஊசி, மாத்திரை, ஸ்கேன், கோயில், விரதம். கோயமுத்தூர் பஸ்ஸில் எந்த சீட்டில் வெயில் படாது என்றுகூட சுகந்திக்குத் தெரிந்திருந்தது. ஒரு முறை கரு தங்கியது. மூன்றாம் மாதம் கலைந்துபோனது. அதன் பிறகு மறுபடியும் ஊசி, மறுபடியும் பஸ். கடைசியில் ஒரு நாள் ஆஸ்பத்திரி வாசலில் நின்று, "போதுங்க" என்றாள். அவரும் போதும் என்றார்.

அதன் பிறகு வீட்டில் சத்தம் இல்லை. மிக்ஸி ஓடும். டிவி ஓடும். இரண்டு பேர் பேசுகிற சத்தம் இல்லை.

அப்போது சுகந்தியின் தம்பி வேலைக்காக வெளிநாடு போனான். போகும்போது தன் கேம் பெட்டியை அக்கா வீட்டில் வைத்துவிட்டுப் போனான். ஒரு சாயங்காலம் சும்மா போட்டுப் பார்த்தார்கள். இரண்டு பேருக்கும் ஒன்றும் தெரியவில்லை. தவளைகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்றன. கொக்கு வந்து சென்னியப்பனின் தவளையைக் கொத்திக்கொண்டு போனது. அவர் வாயைப் பிளந்தார். அடுத்த ஆட்டத்தில் அவளுடைய தவளையைக் கொண்டுபோனது. சுகந்தி சிரித்தாள். முந்தானையை வாயில் வைத்து அடக்கிப் பார்த்தாள். அடங்கவில்லை. அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. இருவரும் எழுந்திருக்கவில்லை.

பிறகு தினமும் ஆடினார்கள். ஆட ஆட அவருக்குத் தன் விரலில் ஏதோ இருப்பது தெரிந்தது. எந்த இலை எப்போது மூழ்கும் என்று அவருக்கு முன்கூட்டியே பட்டது. ஊரில் இதற்குப் போட்டி நடக்கிறது என்று யாரோ சொன்னார்கள். போனார். ஜெயித்தார். படிப்பிலும் தொழிலிலும் எங்கும் முதலாவதாக வராத மனிதர். அந்த ருசி புதிதாக இருந்தது. அப்புறம் மெஹருன்னிசாவிடம் போய்ச் சேர்ந்தார்.

சுகந்தி கொஞ்சம் கொஞ்சமாக விலகினாள். "எனக்கு வேலை இருக்குதுங்க. நீங்க ஆடுங்க" என்பாள். தோற்றுத் தோற்று அலுத்திருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

டீச்சரைப் பார்த்துவிட்டு அன்று மத்தியானம் அவர் வீட்டுக்குப் போனபோது அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"ஏன் சுகந்தி, முன்னாடி ஆடறப்ப கொக்கு வந்தா சிரிப்பியே. எதுக்கு?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"இப்ப எதுக்குங்க அது?"

"டீச்சர் கேட்டுட்டு வரச் சொன்னாங்க."

"டீச்சர் கேட்டாங்களா."

கீரையை மறுபடியும் உருவத் தொடங்கினாள்.

"தெரியலீங்க" என்றாள்.

அவர் சும்மா இருக்கவில்லை. "வா, ஒரு ஆட்டம் போடலாம்" என்றார். அவள் வேண்டாம் என்றாள். அவர் விடவில்லை. கடைசியில் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

அவள் ஜெயித்தால் சிரிப்பாள் என்று அவருக்கு ஒரு எண்ணம். தோற்றார். அவள் சிரிக்கவில்லை. மறுபடியும் தோற்றார். அடுத்த ஆட்டத்தில், அன்றைக்குப் புதிதாக ஆட வந்தவன்கூட விழாத இலையிலிருந்து அவருடைய தவளை தண்ணீரில் விழுந்தது.

சுகந்தி கன்ட்ரோலரை மடியிலிருந்து எடுத்துத் தரையில் வைத்தாள்.

"தோத்துக்குடுக்கறீங்களா?"

"இல்ல சுகந்தி..."

"ஊர்ல எல்லாரும் என்னைப் பாத்து ஐயோ பாவம்னாங்க. நீங்க ஒருத்தர்தான் சொன்னதில்ல." அவள் எழுந்தாள். "இப்ப நீங்களும் சொல்லிட்டீங்க."

அவர் மாடிக்குத் திரும்பிப் போக இரண்டு மூன்று நாள் ஆனது. போனதும் மெஹருன்னிசா கேட்பதற்கு முன்பே அவராகவே சொன்னார்.

"கேட்டுப் பார்த்தேன். தெரியலன்னுட்டா. சரின்னு தோத்துப் பார்த்தேன். கோவிச்சுக்கிட்டா."

"ஜெயிக்கறப்ப நீங்க முடிவு பண்ணுனீங்க. தோக்கறப்பவும் நீங்கதான் முடிவு பண்ணுனீங்க. அக்கா எப்ப ஆடுனாங்க?"

சென்னியப்பன் ஒரு கன்ட்ரோலரை எடுத்துக் கையில் உருட்டினார்.

"ஞாயித்துக்கிழமை நான் உங்க வீட்டுக்கு வரலாங்களா?" என்று கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். சுகந்தி வாசலுக்கு வந்து, "வாங்க, உள்ள வாங்க" என்றாள். வெல்லம் போட்டுக் கச்சாயம் சுட்டு வைத்திருந்தாள். டீ போட்டாள். இரண்டு பெண்களும் கொஞ்ச நேரம் வெயிலைப் பற்றிப் பேசினார்கள். காவிரியில் தண்ணீர் வருமா என்று பேசினார்கள். சென்னியப்பன் யாரோ வீட்டுக்கு வந்தவர் மாதிரி நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார்.

"ஒரு ஆட்டம் ஆடலாங்களாக்கா?"

"எனக்கு ஆடத் தெரியாதுங்க."

"தெரிஞ்சவங்ககூடத்தான் தினமும் ஆடறேன். அலுத்துப்போச்சு."

சுகந்தி கணவரைப் பார்த்தாள். பிறகு விரிப்பில் உட்கார்ந்தாள்.

மெஹருன்னிசா ஆட்டத்தைத் தொடங்குவதற்கு முன் செட்டிங்ஸைத் திறந்தாள். கொக்கு அணைந்திருந்தது. அதைப் போட்டுவிட்டாள். சென்னியப்பனுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. போட்டிக்குப் பழகுவதற்காக எப்போதோ அவர் அணைத்தது. அதன் பிறகு இந்த வீட்டில் கொக்கு வந்ததே இல்லை. சுகந்தி அவரோடு உட்கார்ந்து ஆடிய நாட்களிலும் வந்ததில்லை. கீரை உருவிக்கொண்டிருந்தவளிடம் அவர் கொக்கைப் பற்றிக் கேட்டபோதும் அது அணைந்துதான் கிடந்தது.

ஆடினார்கள். மெஹருன்னிசா விட்டுக்கொடுக்கவில்லை. ஒரு தாவலில் சுகந்தியின் தவளையை ஓரத்துக்குத் தள்ளினாள். அடுத்த தாவலில் தண்ணீரில் தள்ளினாள். மறுபடியும் ஆடினார்கள். மறுபடியும் அப்படியே. போட்டி மேடையில் அவள் ஆடியதைச் சென்னியப்பன் பார்த்திருக்கிறார். இங்கேயும் அதே ஆட்டம்தான் ஆடினாள். அவருக்கே பொறுக்கவில்லை. சுகந்தி எழுந்துபோய்விடுவாள் என்று காத்திருந்தார்.

அவள் எழுந்துபோகவில்லை. தலையைக் கொஞ்சம் முன்னால் நீட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். ஒவ்வொரு ஆட்டமும் முடிந்ததும் மெஹருன்னிசா, "இன்னொண்ணு?" என்று மட்டும் கேட்டாள். சுகந்தி, "ம்" என்றாள்.

ஒரு ஆட்டத்தில் சுகந்தி நன்றாகவே தாக்குப்பிடித்தாள். பிறகு அவசரத்தில் ஒரு இலைக்குத் தாவினாள். இலை மூழ்கியது.

சென்னியப்பனால் வாயை அடக்க முடியவில்லை.

"அந்த இலைக்குத் தாவியிருக்கக் கூடாது சுகந்தி. மூழ்கற இலை அது. அங்கதான் தப்புப் பண்ணிட்ட."

சுகந்தியின் விரல்கள் நின்றன. கழுத்து மெல்ல உள்ளுக்கு இழுத்துக்கொண்டது. அவர் அதை முன்பும் பலமுறை பார்த்திருக்க வேண்டும். அன்றைக்குத்தான் அது கண்ணில் பட்டது.

மெஹருன்னிசா திரும்பி அவரை ஒரு முறை பார்த்தாள். திரையின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"இன்னொண்ணுங்களாக்கா?"

கன்ட்ரோலரைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு, "ம்" என்றாள் சுகந்தி.

அந்த ஆட்டத்தில் கொக்கு வந்தது. மெஹருன்னிசாவின் தவளை ஜெயிக்க ஒரு தாவல்தான் பாக்கி. கொக்கு அதைக் கொத்திக்கொண்டு போனது. "அட" என்றாள் அவள். சுகந்தி வாயைத் திறந்தபடி திரையைப் பார்த்தாள். அடுத்த ஆட்டம் தொடங்கினவுடனேயே, இன்னும் யாரும் ஒரு இலைகூடத் தாவாதபோது, மறுபடியும் கொக்கு வந்து சுகந்தியின் தவளையைத் தூக்கியது.

சுகந்தி சிரித்தாள்.

மெல்லத்தான் தொடங்கியது. பிறகு உடம்பெல்லாம் குலுங்கியது. மெஹருன்னிசாவும் சிரித்தாள். சென்னியப்பன் நாற்காலியை விட்டு எழுந்தார். சிரித்துக்கொண்டே இருந்தவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். துடைத்தும் நிற்கவில்லை. அது இப்போது சிரிப்பாக இல்லை.

மெஹருன்னிசா கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு, கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டாள்.

சென்னியப்பன் விரிப்பில் மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்தார். டீச்சர் இதைக் கேட்டுவரச் சொன்னது அவருக்கு மறந்துபோயிருந்தது.

"எதுக்கு சுகந்தி சிரிக்கற?"

அவள் முந்தானை நுனியை விரலில் சுற்றிப் பிரித்தாள்.

"அந்த மூணாம் மாசம் கலைஞ்சுதில்லீங்க. அன்னிக்கு ஆஸ்பத்திரில நீங்க ஒண்ணு சொன்னீங்க. ஞாபகம் இருக்குதா?"

அவருக்கு இல்லை.

"'மாடிப்படி ஏறியிருக்கக் கூடாது'ன்னீங்க. துணி எடுக்க மொட்டை மாடிக்குப் போனனே, அதை."

"நான் உன்னைத் தப்பா நினைச்சுச் சொல்லல சுகந்தி."

"தெரியுங்க. யாருமே தப்பா நினைச்சுச் சொல்லல. உங்கம்மா பப்பாளி தின்னயான்னு கேட்டாங்க. எங்கம்மா பஸ்ல குலுங்குச்சான்னு கேட்டாங்க. டாக்டர்கூட தூக்கம் நல்லா இருந்துச்சான்னு கேட்டாங்க. நானும் ராத்திரியெல்லாம் கணக்குப் போட்டுப் பாப்பேன். எதைப் பண்ணாம இருந்திருக்கணும்னு."

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"அப்புறம் இது வந்துச்சு. நீங்க ஒண்ணும் பண்ணல, உங்க தவளையைத் தூக்கிட்டுப் போச்சு. நான் ஒண்ணும் பண்ணல, என் தவளையைத் தூக்கிட்டுப் போச்சு. யாரும் எங்கிட்ட வந்து ஏன்னு கேக்கல. அப்படியே நெஞ்சுல இருந்து ஏதோ எறங்குன மாதிரி இருந்துச்சுங்க. அதான் சிரிச்சேன்."

மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

"ஒரு நாள் கொக்கு வர்றது நின்னுபோச்சு. அதுக்கப்புறம் நான் விழுந்தா, அது நான் பண்ணுன தப்பு. எங்க பண்ணுனேன்னு நீங்க எடுத்தெடுத்துச் சொல்லுவீங்க. சொல்லிக்குடுக்கத்தான் சொல்றீங்கன்னு தெரியும். ஆனா என்னால உக்கார முடியலீங்க."

வெளியே ஒரு தண்ணீர் லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. மெஹருன்னிசா ஆறிப்போன டீயை எடுத்துக் குடித்தாள்.

சென்னியப்பன் மனைவியின் கையைப் பிடித்தார். இன்னொருவர் முன்னால் அவர் அப்படிப் பிடித்தது அதுதான் முதல் தடவை. அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. மன்னித்துவிட்டதாகச் சொல்லவும் இல்லை. திரையில் ஆளில்லாத குளத்தில் இலைகள் மிதந்துகொண்டிருந்தன.

மெஹருன்னிசா எழுந்து, "வர்றேங்க்கா" என்றாள். சுகந்தி முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, மிச்சக் கச்சாயத்தை ஒரு டப்பாவில் போட்டுக் கொடுத்தாள். "அடுத்த வாரமும் வாங்க" என்றாள்.

சென்னியப்பன் வாசல்வரை வந்தார். கேட்டைத் திறந்துவிட்டு, அதைப் பிடித்தபடியே நின்றார்.

"டீச்சர்."

"சொல்லுங்ணா."

"இனிமேல் நான் போட்டிக்குப் போகப்போறதில்லீங்க."

"ஏனுங்ணா?"

"அதுனாலதாங்க எல்லாம் கெட்டுச்சு. அந்தக் கொக்கை நான் அணைச்சிருக்கக் கூடாது. அங்கதான் தப்புப் பண்ணிட்டேன்."

மெஹருன்னிசா டப்பாவை ஸ்கூட்டர் பெட்டியில் வைத்து மூடினாள். ஹெல்மெட்டைக் கையில் எடுத்தவள், மாட்டிக்கொள்ளாமல் அவரைப் பார்த்தாள்.

"அக்கா இவ்வளவு நேரம் சொன்னாங்க. நீங்க இன்னும் எங்க தப்பாச்சுன்னே தேடிட்டு இருக்கீங்களேண்ணா."